உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஃபோல்டர், பல கைகள்

எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் நான்கு பழைய கணினிகள் இருக்கின்றன. விண்டோஸைச் சுமக்க முடியாமல் திணறியவை. லினக்ஸ் ஏற்றியதும் மூச்சு வந்து, இப்போது பிள்ளைகளுக்கு உழைக்கின்றன. நான்கையும் ஒரு சுவிட்சில் கோத்து, ஒன்றைச் சேர்வராக்கி, அதில் 'பொது' என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்தோம். சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்கள் அதில் இருக்கின்றன. மலையகம் 200 நினைவுகூரப்பட்ட 2023இல் தொடங்கி இளைஞர்கள் ஸ்கேன் பண்ணிவரும் பாட்டன் பாட்டிமாரின் பத்திரங்களும் அதில்தான். ஃபைலைத் திறந்தால் திறக்கிறது, சேமிக்கப் போனால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது. ஒருவருக்கு நடக்கிற வேலை, பக்கத்து நாற்காலிக்காரருக்கு நடக்கவில்லை. இந்த முறைத் துணுக்குகள் எல்லாமே அந்த ஒற்றை வரியைப் பற்றியவை.

★

செக்ரோலைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேர் போடுவது யார், பார்த்துச் சரிபார்ப்பது யார், அந்தப் புத்தகத்தின் கிட்டவே போக முடியாதவர் யார் என்பது நமக்குப் பழக்கமான கணக்கு. யுனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இப்படி ஒரு செக்ரோல் ஒழுங்கு வைத்திருக்கின்றன. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. இந்த மூன்றும் மூன்று தரப்புக்குத் தனித்தனியே கொடுக்கப்படும்: ஃபைலின் உரிமையாளர், அவருடைய குழு, மற்ற எல்லாரும். 664 என்று இருந்தால் உரிமையாளரும் குழுவும் எழுதலாம், மற்றவர் வாசிக்க மட்டும். 644 என்று இருந்தால் குழுவும் வாசிக்க மட்டுமே. நடுவிலுள்ள அந்த 6க்கும் 4க்கும் இடையில்தான் பெரும்பாலான வாசிகசாலைச் சண்டைகள் நடக்கின்றன.

★

'ஃபோல்டருக்கு 777 போட்டுவிடு, எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆபத்தானது என்பது ஒரு காரணம். அது வேலைக்கே உதவாது என்பது இன்னொரு காரணம். ஃபோல்டருக்கு 777 கொடுத்தாலும் உள்ளே ஒருவர் உருவாக்கும் புதிய ஃபைல் பெரும்பாலும் 644 ஆகத்தான் பிறக்கிறது. அடுத்தவர் அதைத் திருத்த முடியாது. ஆனால் அதே அடுத்தவர் அதை அழித்துவிட முடியும்! ஒரு வினாத்தாளில் எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லாமல், வினாத்தாளையே தூக்கி எறிய வழிவிடும் ஏற்பாடு அது.

★

எப்படி அழிக்க முடிகிறது? ஒரு ஃபைலை அழிப்பதற்கு அந்த ஃபைலின் அனுமதி தேவையே இல்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் அனுமதி இருந்தால் போதும். ஃபோல்டர் என்பது பெயர்ப் பட்டியல். அழிப்பது என்பது பட்டியலிலிருந்து ஒரு பெயரை வெட்டுவது. எல்லாரும் எழுதும் ஃபோல்டரில் அவரவர் ஃபைலை அவரவர் மட்டுமே அழிக்க வேண்டுமானால் 1777 என்று முன்னால் ஒரு 1 போடுவார்கள். இதற்கு ஸ்டிக்கி பிட் என்று பெயர். உங்கள் லினக்ஸில் உள்ள டெம்ப் ஃபோல்டர் இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

★

சரியான வழி குழு அமைப்பதுதான். வாசிகசாலையில் நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். 'வாசிப்போர்' என்ற பொருளில் ஒரு குழுவைச் சேர்வரில் உருவாக்கினோம். எழுத வேண்டிய ஆறு பேரை அதில் சேர்த்தோம். 'பொது' ஃபோல்டரின் குழுவை அதற்கு மாற்றி, அனுமதியை 2775 ஆக வைத்தோம். முன்னால் உள்ள 2தான் உயிர்நாடி. அது இருந்தால், உள்ளே யார் ஃபைல் உருவாக்கினாலும் அந்த ஃபைல் அவருடைய சொந்தக் குழுவுக்குப் போகாமல் ஃபோல்டரின் குழுவுக்கே போகும். உள்ளே பிறக்கும் புதிய ஃபோல்டர்களும் அந்த 2ஐப் பரம்பரையாக எடுத்துக்கொள்ளும். பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை நீள வடிவில் கொடுத்தால், குழுவின் மூன்றெழுத்தில் எக்ஸ் நின்ற இடத்தில் எஸ் தெரியும். எஸ் தெரியவில்லை என்றால் மேலே போகாதீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இந்த 2 பிட்டுக்கு ஓர் அண்ணன் உண்டு: செட்யுஐடி எனப்படும் 4. அதைக் கண்டுபிடித்தவர் சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சி. பெல் ஆய்வுக்கூடம் 1973இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது, 1979இல் கிடைத்தது. பிறகு அது பொதுமக்களுக்கே விடப்பட்டது.

★

எஸ் இருந்தும் எழுத முடியவில்லையா? யூமாஸ்கைப் பாருங்கள். புதிய ஃபைலிலிருந்து எந்த அனுமதியைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண் அது. 022 என்றால் குழுவின் எழுதும் உரிமை பிறக்கும்போதே பறிபோகிறது, ஃபைல் 644. 002 என்றால் 664. ஓர் இலக்கம்தான் வித்தியாசம்.

★

குழுவில் ஒருவரைச் சேர்த்த கையோடு 'இப்போ முயற்சி பண்ணிப் பாருங்கள், தங்கச்சி' என்று சொல்லி, அவர் முயன்று, முடியாமல் போய், நாம் இன்னும் பத்து இடத்தில் குழப்பி வைப்போம். அவர் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் போதும். குழுப் பட்டியல் உள்நுழையும் நேரத்தில்தான் கையில் கொடுக்கப்படுகிறது. ஐடி என்று இரண்டெழுத்துக் கட்டளை அடித்தால், இந்த நிமிடம் அவர் கையில் எந்தெந்தக் குழு இருக்கிறது என்று காட்டும். சேர்வரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பாதீர்கள், அவருடைய திரையில் ஐடி என்ன சொல்கிறது என்பதை நம்புங்கள். இந்த ஒரு காரியத்துக்காக நான் ஒரு முழு சனிக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

★

பழைய ஃபைலை ஃபோல்டருக்குள் நகர்த்தினால் அது தன் பழைய குழுவோடு வந்து உட்காரும். பிரதி எடுத்துப் போட்டால் ஃபோல்டரின் குழுவை எடுத்துக்கொள்ளும். 'நேற்று நான் போட்ட ஃபைல் மட்டும் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை' என்ற முறைப்பாட்டில் பாதி இதுதான்.

★

தோட்டத்தில் ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றில் ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும், ஈபிஎஃப் ஏட்டில் மூன்றாவது மாதிரியும் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு சேமலாபப் பணத்தை எடுக்க அலையும் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம். லினக்ஸில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். அங்கே பெயரை யாரும் பொருட்படுத்துவதில்லை. எண்தான் ஆள்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறையைப் பார்ப்போம். வழக்கமான அமைப்பில் உங்கள் கணினி சேர்வரிடம் 'நான் இன்னார்' என்று பெயர் சொல்வதில்லை. 'நான் 1000' என்கிறது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் நிறுவும்போது உருவாக்கும் முதல் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001. முதலாம் கணினியில் ஆசிரியை 1000, இரண்டாம் கணினியில் உயர்தரம் படிக்கும் தம்பி 1000. சேர்வருக்கு இருவரும் ஒரே ஆள். ஆசிரியையின் ஃபைலில் தம்பி தாராளமாக எழுதுவான். அதே ஆசிரியை மூன்றாம் கணினியில் 1001 ஆக இருந்தால், தன் சொந்த ஃபைலில் தானே எழுத முடியாமல் நிற்பார். பெயர் சரி, பாஸ்வேர்ட் சரி, எழுத்து மட்டும் ஏறாது. நான்கு கணினியிலும் ஒருவருக்கு ஒரே எண் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் மருந்து. ஒரு சிஆர் கொப்பியில் பெயரும் எண்ணும் எழுதி வைத்தாலே போதும், நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

★

கணினியின் சர்வாதிகாரியான ரூட் ஆகப் போய்ப் பார்த்தும் என்எஃப்எஸ் பகிர்வில் எழுத முடியவில்லையா? அது கோளாறு அல்ல, பாதுகாப்பு. வெளியிலிருந்து வரும் ரூட்டை சேர்வர் 'யாருமில்லை' என்ற 65534ஆம் ஆளாக மாற்றி விடுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் என்பதற்காக அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறக்க முடியாது, இல்லையா? அந்தப் பாதுகாப்பை நிறுத்திவிடச் சொல்லும் ஆலோசனைகளை ஒதுக்கிவிடுங்கள்.

★

என்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் கணினியின் பெயரை எழுதி, இடைவெளி விடாமல் அடைப்புக்குறிக்குள் அனுமதியை எழுத வேண்டும். நடுவில் ஒரேயொரு வெற்றிடம் விழுந்தால் பொருள் தலைகீழாகும். நீங்கள் குறிப்பிட்ட கணினிக்கு வாசிக்கும் உரிமை மட்டும் கிடைக்கும். எழுதும் உரிமை உலகத்துக்கே போய்விடும்.

★

ஒருவர் எத்தனை குழுக்களில் இருக்கலாம்? லினக்ஸில் தாராளமாக. ஆனால் வழக்கமான என்எஃப்எஸ் அழைப்பில் 16 குழுக்களுக்கு மட்டுமே இடம் உண்டு. 17ஆவது குழு சொல்லாமல் கொள்ளாமல் உதிர்ந்துவிடும்.

★

சம்பா என்றதும் நமக்கு அரிசி ஞாபகம் வரும். லினக்ஸ்காரருக்கு அது விண்டோஸ் பாணியில் ஃபைல் பகிரும் மென்பொருள். 1980களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்த எஸ்எம்பி என்ற முறைதான் அதன் வேர். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிஜல், 1990களின் தொடக்கத்தில் அதே முறையை யுனிக்ஸில் எழுதினார். முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயரோடு மோதியது. எஸ், எம், பி என்ற மூன்றெழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினி அகராதியில் தேடச் சொன்னார். வந்த பட்டியலில் இருந்த ஒரு சொல்தான் சம்பா.

★

சம்பாவில் எழுத இரண்டு வாசல் தாண்ட வேண்டும். முதல் வாசல் சம்பாவின் சொந்த அமைப்பு. இரண்டாவது, நாம் மேலே பார்த்த லினக்ஸ் அனுமதி. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஃபோல்டரை 2775 ஆக்கிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாலும், சம்பா அமைப்பில் எழுதலாம் என்று ஒரு வரி சேர்க்கும்வரை எதுவும் நடக்காது. புதிதாகப் பகிரும் ஃபோல்டரை சம்பா இயல்பாகவே வாசிக்க மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளும். சம்பாவின் பாஸ்வேர்டும் தனி. லினக்ஸில் ஆள் இருக்கிறார் என்பதற்காகச் சம்பாவிலும் இருக்கிறார் என்று அர்த்தமில்லை, அவரைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சம்பா வழியாகப் பிறக்கும் ஃபைலுக்கு இயல்பான உச்ச வரம்பு 0744. குழுவுக்கு எழுதும் உரிமை அதில் இல்லை. ஆறு பேரில் முதலாவது ஆள் அட்டவணையைச் சேமித்ததும் மற்ற ஐந்து பேரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கிரியேட் மாஸ்க்கை 0664 ஆகவும், டிரெக்டரி மாஸ்க்கை 2775 ஆகவும், ஃபோர்ஸ் குரூப்பை நமது குழுவாகவும் போட்டால் ஐவருக்கும் விடுதலை.

★

சம்பா பகிர்வைத் தன் கணினியில் ரூட் ஆக இணைத்துவிட்டு சாதாரண ஆளாக எழுதப் போனால் முடியாது. இணைக்கும்போது வேறு எதுவும் சொல்லாவிட்டால், உள்ளே உள்ள அனைத்தும் ரூட்டுக்குச் சொந்தமாகவும் 755 ஆகவும் தோன்றும். இணைக்கும் வரியில் ஆள் எண்ணையும் குழு எண்ணையும், ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் என்ன அனுமதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதில் ஒரு குறை உண்டு: அந்தக் கணினியில் யார் எழுதினாலும் சேர்வரின் பார்வையில் இணைத்தவரே எழுதியதாகப் பதிவாகும். ஒரே கணினியில் பலர் மாறிமாறி உட்காரும் வாசிகசாலைக்கு இது நல்லதல்ல. மல்டியூசர் என்ற விருப்பத்தேர்வு இதற்கென்றே இருக்கிறது. அதைக் கொடுத்தால் அவரவர் தன் பெயரில் தன் பாஸ்வேர்டோடு போகலாம்.

★

பழைய ரவுட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க் திடீரென்று இணையாமல் 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று சொல்கிறதா? ஹோஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னகிரை நச்சுநிரல், எஸ்எம்பியின் முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் வந்த லினக்ஸ் 4.13 கர்னலில் இருந்து இயல்பான இணைப்பு முதலாம் பதிப்பில் நடப்பதில்லை. பழைய பெட்டிக்கு அது ஒன்றைத் தவிர வேறு தெரியாது. பதிப்பைப் பின்னுக்கு மாற்றிச் சமாளிக்கலாம், ஆனால் அந்தப் பெட்டியை மாற்றுவதுதான் நல்லது.

★

கடைசி வீட்டுக் கதவு திறந்திருந்தாலும், மேட்டு லயத்துக்கு ஏறும் கேட்டைப் பூட்டினால் போக முடியுமா? ஃபோல்டரும் அப்படித்தான். போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை, அதாவது அந்த 1, இருக்க வேண்டும். 2021 ஏப்ரலில் வந்த உபுண்டு 21.04 தொட்டு ஒவ்வொருவரின் ஹோம் ஃபோல்டரும் 750 ஆகவே உருவாகிறது. தன் ஹோமுக்குள் பொது ஃபோல்டரை வைத்துவிட்டு 'மற்றவர்களுக்குத் திறக்கவில்லை' என்று வருந்துவோர் நிறையப் பேர். பொதுச் சொத்தை ஒருவரின் வீட்டுக்குள் வைக்காதீர்கள். சேர்வருக்கு என்று உள்ள எஸ்ஆர்வி ஃபோல்டரில் வையுங்கள்.

★

இலங்கையிலேயே தொகுக்கப்பட்ட ஹந்தான லினக்ஸ், ஃபெடோராவை அடியாகக் கொண்டது. ஃபெடோரா வழியில் வந்தவற்றில் எஸ்ஈலினக்ஸ் என்ற இன்னொரு காவலாளி நிற்கிறார். அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2000இல் வெளியிட்டது அது. எண்கள் அத்தனையும் சரியாக இருந்தும் சம்பா எழுத மறுத்தால், ஃபோல்டருக்குச் சம்பா பகிர்வுக்கான முத்திரை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காவலாளியையே வீட்டுக்கு அனுப்பிவிடும் பழக்கம் வேண்டாம்.

★

மறுப்புச் செய்தியை வரிவிடாமல் வாசியுங்கள். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது 13ஆம் பிழை. 'வாசிக்க மட்டுமான கோப்பு முறைமை' என்பது 30. 'இடமில்லை' என்பது 28. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

30 நம் பக்கத்தில் அடிக்கடி வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் டிஸ்க்கின் கணக்கு குழம்பலாம். குழப்பத்தைக் கண்ட லினக்ஸ், மேலும் சேதம் வராமல் டிஸ்க்கையே வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது, அந்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப் பூட்டிய டிஸ்க்கில் அனுமதி எண்களை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. எஃப்எஸ்சிகே கட்டளையால் சரிபார்க்க வேண்டும். சின்ன யுபிஎஸ் ஒன்று, சேர்வருக்கு மட்டுமாவது, வாங்கி வையுங்கள்.

28இலும் ஒரு நுட்பம். இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் 5 சதவீத இடம் ரூட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால் உங்களுக்கு 'இடமில்லை', ரூட்டுக்கோ எழுத முடியும். அனுமதிச் சிக்கல் போலவே தோற்றம் காட்டும் இது அனுமதிச் சிக்கல் அல்ல.

★

லிப்ரே ஒஃபிஸ் ஒரு ஃபைலைத் திறக்கும்போது பக்கத்திலேயே மறைவாக ஒரு பூட்டுக் கோப்பை எழுதி வைக்கும். கணினி திடீரென்று நின்றுபோனால் அந்தப் பூட்டு அங்கேயே கிடக்கும். அடுத்து வருபவரிடம் 'வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லும், அங்கே ஒருவருமே இல்லாதபோதும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்த கோப்புகளையும் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். யாரும் உண்மையிலேயே திறந்து வைத்திருக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்துவிட்டு அதை நீக்குங்கள்.

★

தமிழில் நீளமாகப் பெயர் வைத்தால் மட்டும் சேமிக்க மறுக்கிறதா? லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்டுகள்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் என்றால், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஆக 85 குறியீடுகள். 'கு' என்பதே ககரமும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு. 'இரத்தினபுரி' என்ற பெயரை எண்ணிப் பாருங்கள்: பதினொரு குறியீடு, 33 பைட். பாடசாலையின் பெயர், பாடம், ஆண்டு, தவணை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்த ஆசிரியைக்கு நாங்கள் முதலில் அனுமதியைத்தான் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். குற்றம் பெயரின் நீளத்தில் இருந்தது. தமிழில் பெயர் வையுங்கள், தயவுசெய்து வையுங்கள். நீளத்தை மட்டும் கவனியுங்கள்.

★

எல்லா ஃபோல்டரிலும் எல்லாரும் எழுத வேண்டியதில்லை. எங்கள் 'பொது'வுக்குப் பக்கத்தில் 'மூலம்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஸ்கேன் செய்த பத்திரங்களின் முதல் பிரதி அங்கே இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்ட குடும்பங்களுடையவை அவை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு விண்ணப்பித்த பத்திரங்கள், தகரப்பெட்டியில் பூச்சிமருந்து உருண்டையோடு கிடந்து, மடிப்பில் கிழிந்து வந்தவை. ஒரு கடதாசி இருந்ததா இல்லையா என்பதில் ஒரு குடும்பம் எந்தக் கரையில் வாழ்வது என்பது முடிவான காலம் அது.

அதில் எழுத இருவருக்கு மட்டுமே உரிமை. அவர்களுடைய கை தவறினாலும் தப்பும்படி, ஒவ்வொரு தொகுதி ஸ்கேன் முடிந்ததும் சேர்வரில் சிஎச்ஆட்டர் என்ற கட்டளையால் ஃபைல்களுக்கு 'மாறாதது' என்ற அடையாளத்தை இடுகிறோம். அதன்பின் உரிமையாளரும் திருத்த முடியாது, ரூட்டும் அழிக்க முடியாது. அந்த அடையாளத்தை ரூட் முதலில் கழற்ற வேண்டும். சேர்வருக்குள்ளேயே அழிக்கப் பார்த்தால் வரும் செய்தி 13ஆம் பிழை அல்ல, 1ஆம் பிழை: 'இந்தச் செயல் அனுமதிக்கப்படவில்லை'. 2003 மேயிலும் 2017 மேயிலும் களுகங்கை இரத்தினபுரி நகருக்குள் ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே 'மூலம்' ஃபோல்டரின் பிரதியொன்று மாதத்துக்கு ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏறி, மேட்டிலுள்ள ஒரு வீட்டின் அலுமாரிக்குப் போகிறது. அந்த டிஸ்க்கை வாசிகசாலைக் கணினிகளில் வாசிக்க மட்டுமே இணைக்கிறோம்.